என்ன கேட்டாங்க

முதல் பஸ் ஏற்காட்டிலிருந்து ஐந்தே முக்காலுக்கு.
நாகலூரிலிருந்து அதுவரைக்கும் காப்பி லாரி.
மூட்டை மேல் செய்தித்தாள் விரித்து,
வெள்ளைத் தாவணி கசங்காமல்
பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் வந்தேன்.

மடியில் ஃபைல். அதில் மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று,
என்னைப் போல இல்லாத என் போட்டோ.
கூடவே ஒரு காகிதம்:
போன வருஷம் போய்க் கிடைக்காத எஸ்தர்
எழுதிக் கொடுத்த கேள்விகள்.

இருபதாவது கொண்டை ஊசி வளைவில்,
ஏன் டாக்டராக வேண்டும்?
"ஏழைகளுக்குச் சேவை என்று சொல்லாதே,
எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."
அடிக்கோடு வேறு போட்டிருந்தாள்.
பின்னே எதைச் சொல்வது என்று எழுதவில்லை.

பத்தொன்பது: மலேரியாக் கொசு ஆணா பெண்ணா?
பதினெட்டு: கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவாயா?
சிரித்துக்கொண்டே கேட்பார்கள், நீ சிரிக்காதே.
அப்புறம் சில்வர் ஓக்குகளுக்கு நடுவே பனி புகுந்து
காகிதத்தில் ஒரு எழுத்தும் தெரியவில்லை.

பதினான்கில்
பக்கத்து சீட்டுப் பையன் வாயிலெடுத்தான்.

நாலு வயசு இருக்கும்.
அவன் அம்மா முந்தானையை ஏந்தினாள், போதவில்லை.
என் கை முதலில் ஃபைலைத் தூக்கியது.
அடுத்து தாவணியை இழுத்துக்கொண்டது.
அதற்கும் அடுத்துதான் நான் எழுந்தேன்,
முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
கண்டக்டர் தன் பையிலிருந்து
ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார்.
அடிவாரம் வரைக்கும்
ரத்த வகைகளை முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன்.

அஸ்தம்பட்டியில் அந்தக் கட்டடத்து வராந்தாவில்
முப்பது பேர், ஒரு பானை, ஒரே டம்ளர்.
தாதகாப்பட்டித் தறிக்காரர் மகள் ஒருத்தி
நகக்கண்ணில் நீலச் சாயத்தோடு
"கையைப் பாப்பாங்களா?" என்றாள்.
எஸ்தரின் காகிதத்தில் அது இல்லை.

"வெ. தேன்மலர்!"

நாலு பேர். ஓடாத ஒரு ஃபேன்.
தட்டில் அரிந்த மல்கோவா, அதன்மேல் ஒரு ஈ.
அப்பா என்ன பண்றார்?
எஸ்டேட்டில் எடை போடுறார் சார், காப்பிக் கொட்டை.
"நாங்களும் அதைத்தான் பண்றோம்" என்றார் ஒருவர்.
எல்லாரும் சிரித்தார்கள்.
புரியாமல் நானும் சிரித்துவிட்டேன்.
கொசுவைக் கேட்கவில்லை. கல்யாணத்தைக் கேட்டார்கள்.

ஓரத்து நாற்காலி அம்மா அதுவரை
பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.
"காலைல மலையிறங்கி வந்தியே, என்ன பாத்தே?"

பனி இருந்தது, குரங்கு இருந்தது,
தூரத்தில் வெளுத்துக் கிடந்த மேக்னசைட் குன்றுகள் இருந்தன.
வாய் வேறெதையோ சொன்னது.
"ஒரு பையன் மேடம். வாந்தி எடுத்தான்."
"ம்."
"கண்ணு மஞ்சளா இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.
நான் எழுந்து நகர்ந்தபோது
அவன் நிமிர்ந்து பார்த்திருக்கிறான்.
வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில்
பழுத்த வேப்பிலை நிறம்.

"நீ என்ன பண்ணினே?"
"ஃபைலைத் தூக்கிக்கிட்டேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.
அம்மா எதையோ எழுதினார்.
ஒரு சொல்லுக்குக் கூடுதல், ஒரு வரிக்குக் குறைச்சல்.
எனக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க வரவில்லை.

சாயங்கால பஸ்ஸில் அதே கண்டக்டர்.
"எந்தப் பையன்மா? தினம் நாலு பேர் எடுக்கறான்."
சில்லறை எண்ணி முடித்துவிட்டுச் சொன்னார்:
"அடிவாரத்துல இறங்குச்சு அந்தம்மா.
ஆஸ்பத்திரிக்குன்னா டவுன் வரைக்குமில்ல வரணும்."

ஒன்று, இரண்டு என்று பலகைகள் ஏறின.
தண்ணீர் ஊற்றிக் கழுவியும் அந்த சீட்டில்
எலுமிச்சை வாசம் போகவில்லை.
நான் அதிலேயே உட்கார்ந்து வந்தேன்.

அப்பா லாந்தரோடு ரோட்டுக்கே வந்திருந்தார்.
"என்ன கேட்டாங்க?"
"பஸ்ஸுல என்ன பாத்தேன்னு கேட்டாங்க."
"அதெல்லாமா கேப்பாங்க?"
லாந்தரைத் தூக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார்.
"பரவால்லயே" என்றார் சந்தோஷமாக,
"தாவணில ஒரு பொட்டு அழுக்கில்ல."